கல்லூரிக் கால்பந்தில் தாக்குதல் வரிசைப் பயிற்சியாளரின் பணிவாழ்க்கை எப்படிப்பட்டது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (நாம் அறிந்த கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம்) தாக்குதல் வரிசைக்குப் பயிற்சி தருபவரின் பணிவாழ்க்கை எப்படி இருக்கும், அவர் ஏன் அடிக்கடி ஊர் மாறுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் முதுகலை படித்த ஆண்டுகளில் இந்த ஆட்டத்தின் மீது பற்று ஏற்பட்டு, பந்து போகும் திசையை விட்டுவிட்டு அந்த ஐந்து பேரை மட்டுமே பார்க்கப் பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள் என்று ஐவர் நிற்பதுதான் தாக்குதல் வரிசை. பந்தை வாங்கி எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கைக் காப்பதும், பந்தை ஏந்தி ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதும் இவர்கள் வேலை. சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பதோடு சரி. மற்ற நால்வர் ஓர் ஆட்டம் முழுவதும் பந்தைத் தொடாமலேயே வீடு திரும்புவார்கள். எதிரணியினரின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டால்தான் நடுவர் அவர்களுடைய எண்ணை அரங்கம் முழுவதற்கும் கேட்கும்படி அறிவித்து, அணியை 10 கஜம் பின்னுக்குத் தள்ளுவார். பிழை செய்தால் மட்டுமே பெயர் அடிபடும் இந்த ஐவருக்கும் பொறுப்பானவர்தான் நீங்கள் கேட்கும் பயிற்சியாளர்.

நான் படித்த ஊரில் வசந்தகாலப் பயிற்சி ஒன்றைப் பொதுமக்கள் பார்க்க அனுமதித்தார்கள். மார்பளவு உயரத்தில் கூரை போல அமைந்த ஓர் இரும்புச் சட்டத்தின் கீழிருந்து வீரர்கள் குனிந்தபடியே பாய்ந்து வெளியே வர வேண்டும். நிமிர்ந்தால் தலைக்கவசம் இரும்பில் மோதி ஓசை எழும். அறுபது வயதை நெருங்கிய பயிற்சியாளர் தரையில் குந்தி அமர்ந்து, 140 கிலோ எடையுள்ள ஓர் இளைஞனின் வலது குதிகாலைக் கையால் பிடித்து இரண்டு விரற்கடை பின்னால் நகர்த்தி வைத்தார். பிறகு அந்த முதல் அடியை மட்டும், ஒரு சாண் தூரம்கூட இல்லாத அந்த அடியை, அரைமணி நேரம் திரும்பத் திரும்ப எடுக்க வைத்தார். முதல் அடி தவறினால் இடுப்பு திரும்பிவிடும், இடுப்பு திரும்பினால் எதிராளி உள்ளே நுழைந்துவிடுவான் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

ஆனால் இத்தனை நுணுக்கமாகக் கற்றுத்தருபவரின் வேலை அவர் கையில் இல்லை. துணைப் பயிற்சியாளர்கள் தலைமைப் பயிற்சியாளரின் குழுவைச் சேர்ந்தவர்கள். அவரை நீக்கினால், புதிதாக வருபவர் பெரும்பாலும் தம் ஆட்களையே கொண்டுவருவார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் விடை. சாம் பிட்மன் 2011இல் வட கரோலினா, 2012இல் டென்னசி, 2013இல் ஆர்கன்சா, 2016இல் ஜார்ஜியா என ஆறு ஆண்டுகளுக்குள் நான்கு பல்கலைக்கழகங்களில் வரிசைப் பயிற்சியாளராக இருந்தார். வட கரோலினாவிலும் டென்னசியிலும் அவர் பணியாற்றிய காலத்திலேயே தலைமைப் பயிற்சியாளர்கள் நீக்கப்பட்டார்கள். பிறகு, 58 வயதில், ஆர்கன்சாவே அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. 2025 செப்டம்பரில் பருவத்தின் நடுவிலேயே அவரையும் நீக்கியது. இதற்கு நேர்மாறாக, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் வரிசைப் பயிற்சியாளர் மில்ட் டெனோபிர் 1974 முதல் 2002 வரை ஒரே இடத்தில் இருந்தார் என்றால், டாம் ஆஸ்போர்ன் என்ற ஒரே தலைமைப் பயிற்சியாளர் 1997 வரை அங்கே நிலைத்திருந்ததே அதற்கு முக்கியக் காரணம்.

இந்தத் தொழிலின் மேன்மையும் கொடுமையும் ஒருசேரத் தெரிவது ஜோ மூர் என்ற வரிசைப் பயிற்சியாளரின் வாழ்க்கையில்தான் என்பது என் கருத்து. பென்சில்வேனியாவின் உயர்நிலைப் பள்ளிகளில் பல ஆண்டுகள் பயிற்சியளித்த பிறகே அவர் 1977இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே அவரிடம் கற்ற மார்க் மே, ரஸ் கிரிம், ஜிம்போ கோவர்ட், பில் ஃப்ராலிக் ஆகியோர் பிற்காலத்தில் பெரும்பெயர் பெற்றார்கள். கிரிம், கோவர்ட் இருவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்திலேயே இடம்பிடித்தார்கள். 1988இல் நோட்ர டேம் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற மூர், அந்த ஆண்டே தேசிய வாகையர் பட்டம் வென்ற அணியில் பங்காற்றினார். 1996 இறுதியில் தலைமைப் பயிற்சியாளர் மாறியபோது, 64 வயதிலிருந்த அவர் நீக்கப்பட்டார். அவர் மற்றவர்களைப் போல அடுத்த ஊரைத் தேடிப் போய்விடாமல், வயதைக் காட்டி நீக்கியது சட்டவிரோதம் என்று வழக்குத் தொடுத்தார். 1998இல் இண்டியானாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஜூரி எனப்படும் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கிடைத்த தொகை பெரிதில்லை. இழந்த சம்பளத்தை இரட்டித்து ஏறக்குறைய 86,000 டாலரும், வேலை திரும்பக் கிடைக்காததற்கு ஈடாக இன்னொரு தொகையும் கிடைத்தன. ஆனால், வேலையே நிலையற்ற ஒரு தொழிலில் இருந்துகொண்டு, அந்த நிலையின்மைக்கும் ஓர் எல்லை உண்டு என்று நீதிமன்றத்தில் நின்று சொன்ன துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். மூர் 2003இல் காலமானார்.

அவர் பெயரில் 2015 முதல் ஒரு விருது வழங்கப்படுகிறது. தனி வீரருக்கு என்றில்லாமல், நாட்டிலேயே சிறந்த தாக்குதல் வரிசை முழுவதற்கும் சேர்த்துத் தரப்படும் அந்த வெண்கலக் கோப்பையின் எடை 800 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 360 கிலோ. இரண்டாம் ஆண்டான 2016இல் அது அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனது. அப்போது அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் கிர்க் ஃபெரன்ட்ஸ். அப்பர் செயின்ட் கிளேர் உயர்நிலைப் பள்ளியில் மூரிடம் விளையாடியவர். 1980இல் பிட்ஸ்பர்க்கில் மூருக்குக் கீழே பட்டதாரி உதவியாளராக இருந்தவர். 1981இல் அயோவாவுக்கு வரிசைப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 25.