ஜிஃப் படம் ஏன் அசையவில்லை?

கணினிக் கேள்வி – பதில்

கேள்வி: உயர்தரச் செயற்றிட்டத்துக்காகப் பைத்தனில், விண்டோக்களை உருவாக்க உதவும் டிகின்டர் நூலகம் கொண்டு ஒரு நிரல் எழுதுகிறேன். திருகோணமலை பிரட்றிக் கோட்டை மான் ஓடுவதுபோன்ற ஜிஃப் படம் முகப்பில் வரவேண்டும். ஃபங்ஷனுக்குள் எழுதினால் வெற்றுப் பெட்டிதான் வருகிறது. வெளியே எடுத்து எழுதினால் படம் வருகிறது, ஆனால் மான் அசையவில்லை.
– மாணவி, உவர்மலை

பதில்: இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். முதலில் வெற்றுப் பெட்டியைப் பார்ப்போம். ஃபங்ஷன் முடிந்ததும் அதற்குள் பிறந்த மாறி போய்விடும். அதைத் தவிர வேறு யாரும் பிடித்திருக்காததால் படத்தையும் பைத்தன் அழித்துவிடும். விண்டோவில் படத்தைக் காட்டும் லேபலுக்குத் தெரிந்தது படத்தின் பெயர் மட்டும்தான், அது பைத்தன் கணக்கில் பிடிமானம் ஆகாது. லேபலிலேயே ஒரு பண்பாகவோ, வெளியே ஒரு லிஸ்டிலோ படத்தைச் சேமித்து வையுங்கள். வெற்றுப் பெட்டி மறைந்துவிடும்.

அடுத்தது அசையாத மான். ஜிஃப் என்பது அடுத்தடுத்துக் காட்டவேண்டிய பல படங்களின் (ஃபிரேம்களின்) தொகுப்பு. படத்தை ஏற்றும் டிகின்டரின் ஃபோட்டோஇமேஜ் தானாக ஜிஃப்பை ஓட்டாது; கேட்காவிட்டால் முதல் ஃபிரேமை மட்டும் தரும். ஃபோர்மட் என்ற இடத்தில் 'ஜிஃப் -இன்டெக்ஸ் 0', அடுத்து 1, 2 என்று கொடுத்து ஒவ்வொரு ஃபிரேமாக ஏற்றவேண்டும். கடைசி ஃபிரேமைத் தாண்டியதும் டிசிஎல்எரர் என்ற பிழை வரும்; அதை எக்செப்ட்டில் பிடித்து லூப்பை நிறுத்துங்கள். இனி ஒரு ஃபங்ஷன் வேண்டும்: லேபலில் இந்த ஃபிரேமை மாட்டி, எண்ணை ஒன்று கூட்டி, குறித்த நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ஆஃப்டர் மூலம் 100 மில்லிசெக்கனில் தன்னையே மறுபடி அழைக்கச் சொல்லவேண்டும். கடைசி ஃபிரேம் முடிந்தால் எண் மறுபடி 0.

ஆஃப்டருக்கு ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுங்கள். பக்கத்தில் அடைப்புக்குறி போட்டால் அது அந்த இடத்திலேயே ஓடி, தன்னைத்தானே ஓயாமல் அழைத்து ரிகர்ஷன் எரரில் விழும். ஆஃப்டருக்குப் பதிலாக டைம் ஸ்லீப் போடவே வேண்டாம். அது உறங்கும் நேரமெல்லாம் விண்டோவும் உறைந்து கிடக்கும், மூடும் பொத்தான்கூட வேலை செய்யாது.

கேள்வி: படகுச் சவாரிக் கவுண்டரில் உள்ள திரைக்கு, திமிங்கிலம் பாயும் ஜிஃப்பை இதே முறையில் ஓட்டினேன். முதல் ஃபிரேம் முழுதாக வருகிறது. பிறகு வாலும் நீர்த்துளியும் துண்டு துண்டாகத் தெரிகின்றன. பிரௌசரில் அதே படம் நன்றாக ஓடுகிறது.
– வாசகர், நிலாவெளி

பதில்: உங்கள் படத்தில் பழுதில்லை. கோப்பு சிறிதாக இருக்கவேண்டும் என்று பல ஜிஃப்களில் இரண்டாவது ஃபிரேமிலிருந்து மாறிய பகுதியை மட்டுமே வைத்திருப்பார்கள். முந்தைய ஃபிரேமின் மேல் அதை ஒட்டவேண்டுமா, அழித்துவிட்டு வரையவேண்டுமா என்ற குறிப்பும் ஒவ்வொரு ஃபிரேமோடும் இருக்கும். 1989இல் வந்த ஜிஃப் 89ஏ வடிவம் தந்த வசதி இது. பிரௌசர் அந்தக் குறிப்பின்படி ஒட்டித் தருகிறது. நீங்கள் ஒட்டாமல் துண்டை அப்படியே மாட்டுகிறீர்கள்.

ஒட்டும் வேலையை, படங்களைக் கையாளும் பைத்தன் நூலகமான பில்லோவிடம் விடுவதுதான் நல்லது. இமேஜ்சீக்வென்ஸ் இட்டரேட்டரால் ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்தால் முழுப்படமாகவே வரும். வந்த ஃபிரேமை உடனே ஆர்ஜிபிஏ என்ற முழு வண்ண வடிவத்துக்கு மாற்றி, இமேஜ்டிகே ஃபோட்டோஇமேஜாக்கி லிஸ்டில் போடுங்கள். மாற்றாமலும் கொப்பி எடுக்காமலும் லிஸ்டில் போட்டால், எல்லா இடத்திலும் ஒரே படம்தான் நிற்கும். ஏனென்றால் இட்டரேட்டர் ஒவ்வொரு முறையும் அதே பொருளைத்தான் திருப்பித் தருகிறது. மூல விண்டோவை உருவாக்கிய பிறகே இதெல்லாம். முன்னதாகச் செய்தால் படம் உருவாகாது, எரர்தான் வரும்.

வேகத்தையும் கோப்பிலிருந்தே எடுங்கள். ஃபிரேமின் இன்ஃபோவில் டியூரேஷன் என்ற பெயரில் மில்லிசெக்கனில் இருக்கும். சில படங்களில் அது 0 ஆக இருக்கும். அப்படியே ஆஃப்டருக்குக் கொடுத்தால் திமிங்கிலம் வெறிபிடித்ததுபோல் ஓடும். 20க்குக் குறைந்தால் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக ஓடிய படம் திடீரென இரண்டு மடங்கு வேகமானால், தொடங்கும் பொத்தானை இருமுறை அழுத்தியிருப்பார்கள், இரண்டு ஆஃப்டர் சங்கிலிகள் ஒன்றாக ஓடுகின்றன. ஆஃப்டர் தரும் அடையாளத்தைச் சேமித்து, புதிதாகத் தொடங்கும் முன்னும் விண்டோவை மூடும் முன்னும் ஆஃப்டர்_கேன்சல் செய்யுங்கள்.

கேள்வி: பழைய மடிக்கணினியில் ஜிஃப் ஏற்றியதும் எல்லாமே மந்தமாகிறது. கோப்பு 6 எம்பிதான்.
– வாசகர், மூதூர்

பதில்: கோப்பின் எடையைப் பார்க்காதீர்கள். விரித்தபின் ஒரு புள்ளிக்கு 4 பைட். 1280க்கு 720 அளவுப் படம் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 3.7 எம்பி, 90 ஃபிரேமுக்கு 330 எம்பிக்கு மேல். 480க்கு 270 ஆகக் குறைத்து, ஒன்றுவிட்டொன்றாக 45 ஃபிரேம் மட்டும் வைத்தால் 24 எம்பிக்குள் அடங்கும். விட்ட ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் அதற்கு முந்தைய ஃபிரேமின் நேரத்தோடு கூட்டிவிடுங்கள், ஓட்டத்தின் மொத்த நேரம் மாறாது. அளவைக் குறைப்பதைப் படத்தை ஏற்றும்போதே ஒரே தடவையில் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமையும் காட்டும்போது செய்தால் பழைய மெஷின் தாங்காது.

கேள்வி: இவ்வளவு சிரமமில்லாத வழி இல்லையா?
– வாசகி, கிண்ணியா

பதில்: டிகின்டரைப் போன்ற இன்னொரு நூலகமான பைக்யூட்டியில் உண்டு. க்யூமூவியில் கோப்பைக் கொடுத்து, க்யூலேபலில் செட்மூவி செய்து, ஸ்டார்ட் சொன்னால் போதும்; துண்டுகளை ஒட்டுவதும் நேரம் பார்ப்பதும் அதன் பொறுப்பு. ஆனால் லேபல் அந்த மூவியைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது. அதனால் மூவியைச் செல்ஃபிலும் சேமித்து வைப்பது பாதுகாப்பானது.