ரைபிள் பேரலுக்கு எந்த உலோகம், எந்தப் பூச்சு நல்லது?

ரைபிளில் தோட்டா பாயும் குழாய்தான் பேரல். அது ஸ்டெயின்லெஸ் என்றால் துருவைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நம்பித்தான் நானும் வாங்கினேன். ஒரு நாள் தூறலில் இலக்குப் பயிற்சி முடித்துவிட்டு, துடைக்காமல் ஸ்பாஞ்ச் வைத்த பெட்டிக்குள் மூடிவிட்டேன். நாலு நாள் கழித்துத் திறந்தால், ஸ்பாஞ்ச் ஒட்டிய இடத்தில் மட்டும் மிளகாய்ப்பொடி தூவினதுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். பேரலில் போடும் ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் 416 வகை. சமையல் பாத்திரத்தில் வரும் 304 வேறு. அதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 416-இல் குரோமியம் 12 முதல் 14 சதவீதம்தான். கடைசலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கந்தகமும் சேர்ப்பார்கள், துரு முதலில் கைவைப்பது அந்தக் கந்தகம் இருக்கும் இடத்தில்தான். இந்த வகையில் காந்தம்கூட ஒட்டும்.

இன்னொரு வகை குரோம்-மாலி எஃகு, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது: 4140, 4150. இதில் குரோமியம் ஒரு சதவீதம் அளவுதான், அதனால் வெளியே ஏதாவது பூச்சு கட்டாயம். ஆனால் உறுதியில் குறை சொல்ல முடியாது, விலையும் பொதுவாகக் குறைவு.

பலர் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. வெளிப்பக்கத்தின் எதிரி ஈரமும் வியர்வையும்; உட்பக்கத்துக்குத் துருவும் வரலாம், ஆனால் பெரிய எதிரி சூடு. தோட்டா உட்காரும் அறைக்குச் சற்று முன்னால்தான் வெடிமருந்து எரிந்து வரும் சூடான வாயு முதலில் மோதும், தேய்மானமும் அங்கேதான் தொடங்கும். வெளியே எவ்வளவு அழகாகச் செராகோட் (செராமிக் கலந்த பூச்சு) அடித்தாலும் அந்தத் தேய்மானம் ஒரு இம்மி குறையாது.

உள்ளே காக்க வேண்டுமானால் குரோம் லைனிங் (உட்பக்கம் குரோம் பூசுவது) அல்லது நைட்ரைடிங். வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் எம்16 ரைபிள்களில் தோட்டா அறைகள் துருவேறி, சுட்ட தோட்டாக் கூடுகள் வெளியே வராமல் சிக்கின. அதன் பிறகே அறைக்குக் குரோம் பூசினார்கள். அது தனிப் படலம். தடிமன் எல்லா இடத்திலும் ஒரே சீராக அமைவது கடினம், ஆகவே துல்லியப் போட்டிக்குச் சுடுபவர்கள் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. நைட்ரைடிங்கில் நைட்ரஜன் எஃகின் மேற்பரப்புக்குள்ளேயே ஊறிவிடும், உள்விட்டம் அநேகமாக மாறாது.

வெளிப்பூச்சில் புளூயிங் பார்க்க அழகு. ஆனால் அதுவே ஒரு கறுப்பு இரும்பு ஆக்சைடு தான், எண்ணெய் காய்ந்தால் விரல்ரேகைகூட இரண்டு நாளில் பழுப்பாகத் தெரியும். பாஸ்பேட் பூச்சு சொரசொரப்பு, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழையில் அலைபவருக்குச் செராகோட் சரி.

காகித இலக்கில் நிதானமாகச் சுடுபவர் என்றால் ஸ்டெயின்லெஸ் எடுங்கள். ஒரே நாளில் நிறையச் சுடுவீர்கள், பராமரிப்பில் கொஞ்சம் சோம்பல் என்றால் நைட்ரைடிங் செய்த குரோம்-மாலி. நான் அடுத்து வாங்கினது அதுதான்.

பழைய பேரலில் எண்ணெய்த் துணியால் தேய்த்ததில் புள்ளிகள் போய்விட்டன. இரண்டு மட்டும் இன்னும் இருக்கின்றன.