பள்ளி செல்லாத பெரியவர்களுக்கு ஆங்கில எழுத்தை ஏன் ஏ, பி, சி வரிசையில் தொடங்கக் கூடாது?

கனடாவில் குடியேறியோருக்காக 1992 முதல் அரசு செலவில் நடக்கும் லிங்க் ஆங்கில வகுப்புகளில், தாய்மொழியிலும் படிக்காதவர்களுக்கு எழுத்தறிவுப் பிரிவு தனியாக உண்டு. எழுத்தறிவு என்பது இங்கே, வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல்லைத் தாளில் கண்டுகொள்வது.

அகரவரிசை கற்றுத்தருவது எழுத்துகளின் பெயரைத்தான். எஸ், ஐ, டி என்று பெயர் சொல்லத் தெரிந்தவருக்கு, மூன்றும் சேர்ந்தால் 'சிட்' என்று படிக்க வராது. ஒலியில் தொடங்குங்கள். எஸ், ஏ, 'டீ'யின் டி, 'பென்'னின் பி, ஐ, என் ஆகிய ஆறின் ஒலி தெரிந்தாலே 'பின்', 'டேப்' (தண்ணீர்க் குழாய்), 'சிட்' எல்லாம் படிக்கலாம். அரிசியும் உளுந்தும் இருந்தால் இட்லி, தோசை, ஊத்தப்பம் என்று வருகிற மாதிரி.

பொருளைக் கையில் கொடுத்து, சொல்லைப் பலமுறை சொல்லவைத்த பிறகே அந்தச் சொல் எழுதிய அட்டையைக் காட்டுங்கள். கோட்டுப் படங்கள் பலருக்குப் புரியாது. நிஜப் பொருளோ புகைப்படமோ நல்லது. ஒரு வகுப்புக்கு ஒரு புது ஒலி போதும். 'பஸ்', 'டோர்' சொற்களின் முதல் எழுத்துகள் சின்ன வடிவில் இடவலம் மாறிய ஒரே உருவம். இரண்டையும் ஒரே வாரத்தில் காட்டினால் குழப்பம் மாதக்கணக்கில் நீளும்.

படிக்க வந்தவர் 'ஐ கம் பஸ்' என்றால் அப்படியே எழுதிப் படிக்கவையுங்கள். திருத்தி எழுதினால், சொன்னது ஒன்று, தாளில் இருப்பது வேறொன்று என்றாகிவிடும்.

படிக்கத் தெரியாதவருக்கு ஆங்கிலம் பேசவும் வராது என்று பலர் நினைப்பது தவறு: வேலையிடத்தில் நன்றாகப் பேசுபவர்கூடப் படிவத்தில் முகவரி எழுதத் திணறலாம்.