முள் துள்ளினால் பழுதா? கைக்கடிகாரக் கேள்வி-பதில்

கேள்வி: சாவி கொடுக்கும் சீகல் 1963, சீகோவின் விகே63 மெஷின் வைத்த சிறு பிராண்டு வாட்ச். இந்த இரண்டு க்ரோனோகிராஃபில் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரம்) எதை வாங்கலாம்? மைதானத்தில் ஓட்டப் பந்தய நேரம் எடுக்கவும் உதவ வேண்டும்.
- உடற்கல்வி ஆசிரியர், கோவை

பதில்: மைதானத்துக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், விகே63தான். நேரத்தைக் காப்பது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ்; ரீசெட் மட்டும் பழைய இயந்திர முறை. கீழ்ப் பட்டனை அழுத்தியதும் சின்னச் சுத்தியல் ஒன்று 'கேம்' எனும் இதய வடிவத் தகட்டைத் தட்டும், விநாடி முள் சட்டென்று 12-க்கு வந்து நிற்கும். அடுத்த பையன் கோட்டில் நிற்பதற்குள் நீங்கள் தயார். ஐந்தில் ஒரு விநாடி வரை படிக்கலாம். 60 நிமிடம் வரை எண்ணும். மாதத்துக்கு 20 விநாடி முன்பின் போகலாம். எஸ்ஆர்936எஸ்டபிள்யூ பேட்டரி சுமார் மூன்று வருடம் வரும்.

வலப்பக்கச் சிறு வட்டத்தைக் காட்டி 'இதில் வெளிநாட்டு நேரம் வைக்கலாம்' என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அது மணி முள்ளோடு பிணைந்த 24 மணி முள். தனியாக நகராது.

சீகல் 1963-இன் கவர்ச்சி வேறு. சீன விமானப்படைக்காக 1961-இல் தியான்ஜின் தொழிற்சாலையில் தொடங்கிய திட்டத்தில் உருவான வாட்ச்சின் மறுபதிப்பு அது. வீனஸ் 175 என்ற பழைய சுவிஸ் மெஷினின் வழி வந்த எஸ்டி19 மெஷின் அதற்குள் இருக்கிறது. குட்டித் தூண்கள் நிற்கும் சக்கரம்தான் ஸ்டார்ட், ஸ்டாப்பை ஆள்கிறது. இந்த விலையில் அப்படியொரு மெஷின் கிடைப்பது அபூர்வம். ஆனால் எண்ணுவது 30 நிமிடம்தான். நாளுக்கே 10, 20 விநாடி மாறுவது சகஜம். தினமும் சாவி கொடுக்க வேண்டும். திருகு கெட்டிப்படும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். 30 மீட்டர் தண்ணீர் தாங்கும் என்று போட்டிருந்தாலும் மழை, வியர்வையிலிருந்து காப்பாற்றியே கட்ட வேண்டும்.

சீகலில் ஸ்டார்ட் அழுத்தியதும் விநாடி முள் லேசாகத் துள்ளும். பலர் இதைப் பழுது என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். பக்கவாட்டில் வந்து கோக்கும் சக்கரத்தின் பல், எதிர்ப் பல்லின் மேலேயே விழுந்தால் இப்படி ஆகும், பழுதல்ல. முள் ஓடிக்கொண்டிருக்கும்போது ரீசெட்டை அழுத்தி வற்புறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுத்தான் ரீசெட். திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் வேகமாக ஓடினால் முதலில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் போதும், ஏறிவிடும்.

சர்வீஸ்தான் தலைவலி. க்ரோனோகிராஃபைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இல்லை. விகே63 கெட்டால் மெஷினையே மாற்றிவிடுவார்கள், வேலை முடிந்தது.

கேள்வி: என் விகே63 வாட்ச் கீழே விழுந்தது. ரீசெட் செய்தால் விநாடி முள் 12-க்கு வராமல் 2 விநாடி தள்ளி நிற்கிறது. கிரவுனை (பக்கத் திருகை) இழுத்துப் பட்டன் அழுத்தினாலும் சரியாகவில்லை.
- வாசகி, திருச்சி

பதில்: அந்த வித்தை சாதாரண குவார்ட்ஸ் க்ரோனோகிராஃப் பலவற்றில் பலிக்கும், இதில் பலிக்காது. இங்கே கேம்தான் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துகிறது. விழுந்த அதிர்ச்சியில் முள் தன் அச்சில் நழுவியிருக்கும். மெக்கானிக் மூடியைத் திறந்து, ரீசெட் செய்த நிலையிலேயே முள்ளைக் கழற்றி 12-க்கு நேராக மறுபடி அமுக்க வேண்டும். கழற்ற முள் தூக்கும் கருவி அவசியம். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் டயலில் கீறல் விழும். இனி இப்படி ஒரு வாட்ச் வாங்கும் முன் பத்துப் பதினைந்து முறை ரீசெட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால்தான் முள் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.