ஒரே நாள்ல மோஹர் பாறைய பாத்துட்டு வந்துடலாமா?

கேள்வி: பையன் அயர்லாந்துல, டப்ளின்ல வேலை பாக்கறான். ஜூன்ல நானும் வீட்டுக்காரரும் போறோம். அந்த நாட்டு மேற்குக் கடலோரத்துல இருக்கற மோஹர் பாறைக்கு காலைல டூர் பஸ் ஏறினா ராத்திரி திரும்பிடலாம், அது போதும்ங்கறான். எனக்கு முட்டிவலி வேற. நீங்க என்ன சொல்றீங்க?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: போய்ட்டு வந்துடலாம்தான், ஆனா பஸ்ஸுல உக்காந்த நேரம்தான் ஜாஸ்தியா இருக்கும். போக மூணு மணி நேரத்துக்கு மேல, வரவும் அதே, நடுவுல பாறைகிட்ட கிடைக்கறது ஒண்ணரை, ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரம் பனிமூட்டம் வந்துடுச்சுன்னா போச்சு! நான் போன அன்னிக்கு அதான் ஆச்சு, 214 மீட்டர் உயரப் பாறை, கிட்டத்தட்ட எழுபது மாடி, அதோட விளிம்புல நின்னுட்டு வெள்ளைத் துணி கட்டின மாதிரி ஒண்ணுமே தெரியல, கீழ அலைச்சத்தம் மட்டும் கேக்குது. மறுநாள் சாயங்காலம் திரும்பப் போனேன், பஸ் கூட்டம் எல்லாம் கிளம்பிடுச்சு, வெளிச்சம் அப்படியே இருக்கு (ஜூன்ல அங்க பொழுது சாய ராத்திரி பத்து ஆகுது), பாறை இடுக்குல பஃபின் பறவைங்க ஆரஞ்சு மூக்கோட குடும்பம் நடத்திட்டு இருந்துச்சுங்க. அதனால பையன்கிட்ட சொல்லி பாறைக்குப் பக்கத்துல இருக்கற டூலின் கிராமத்துல ரெண்டு ராத்திரி ரூம் போடுங்க.

முட்டிவலிக்கு விளிம்போரமா நீள நடை வேண்டாம். விழுந்து உயிர் போன சம்பவங்களால அந்தப் பாதையில சில பகுதிய 2024-ல மூடினாங்க. விசிட்டர் சென்டர் பக்கத்துல இருந்தே நல்லா தெரியும். டூலின்ல இருந்து இனிஷீர் தீவுக்கு படகு போகுது, கடல் அமைதியா இருந்தா மட்டும் ஏறுங்க, ஆட்டம் ஜாஸ்தி. தீவுல துறைகிட்டயே குதிரை வண்டி கிடைக்கும், நடக்க வேண்டாம். கரையில துருப்பிடிச்ச ஒரு கப்பல் கிடக்கும், பிளாஸி. 1960 மார்ச் புயல்ல பாறையில மோதினது, தீவுக்காரங்க கயிறு கட்டி பதினொரு பேரையும் உயிரோட கரை சேத்துட்டாங்க.

ஆனா என்னைக் கேட்டா மோஹரை விட பக்கத்துல இருக்கற பர்ரன்தான் பாக்க வேண்டியது, டூர் பஸ்ஸுல அதை பெரும்பாலும் ஜன்னல் வழியாதான் காட்டுவாங்க. தூரத்துல இருந்து பாத்தா வெறும் சாம்பல் கலர் சுண்ணாம்புப் பாறை, மலை மொத்தமும் சிமெண்ட் பூசி வெடிச்ச மாதிரி. இறங்கிக் குனிஞ்சு பாருங்க (முட்டி பத்திரம்), வெடிப்புக்குள்ள கைய விட்டா ஈரம், குளிர்ச்சி, அடியில பெரணி, அதோட குட்டிக்குட்டியா பூ. பனிப்பிரதேசச் செடியும் மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடியும் ஒரே இடத்துல முளைக்குது. இன்னொரு வேடிக்கை, மாட்டை பொதுவா மலை ஊர்கள்ல வெயில் காலத்துல மலை மேல ஓட்டி, குளிருக்கு கீழ இறக்குவாங்க, இங்க தலைகீழ். வெயில்ல பட்ட சூட்டை பாறை பிடிச்சு வச்சுக்குது, மழைத்தண்ணியும் தேங்காம வெடிப்புல இறங்கிடுது, அதனால குளிர்காலத்துலதான் மாடு மேல போகுது. அது புல்லைக் கடிச்சு வச்சாதான் வசந்தத்துல பூவுக்கு வெளிச்சம் கிடைக்கும். மாட்டை நிறுத்தினா புதர் மண்டிடும்.

கேள்வி: நாங்க சுத்த சைவம். அந்தப் பக்கம் சாப்பாட்டுக்கு என்ன வழி?
– அதே வாசகி

பதில்: டூலின் பப்புல சாயங்காலமானா ஃபிடில் (வயலின்தான்), புல்லாங்குழல் வாசிப்பாங்க, சாப்பாடும் அங்கயேதான். வெஜிடபிள் சூப்பும் பிரவுன் பிரெட்டும் கேளுங்க. அந்த பிரெட்ல ஈஸ்ட் கிடையாது, மோரும் சமையல் சோடாவும் போட்டு சுடறது, சில வீட்ல முட்டை சேப்பாங்க, கேட்டுக்கோங்க. சூப்பு எந்த ஸ்டாக்ல (காய் வேக வச்ச தண்ணியா, எலும்பு வேக வச்ச தண்ணியா) செஞ்சதுன்னும் கேட்டுடுங்க. வெள்ளையா, கெட்டியா சவுடர்னு ஒண்ணு வரும், பால் சூப்னு நெனச்சு கரண்டிய விட்டுடாதீங்க, உள்ள முழுக்க மீன்.