இல்லறத்துக்கு யாரும் பத்திரிகை அடிப்பதில்லை

கேள்வி: அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஓசூர். பெங்களூரு சொந்தக்காரர்களுக்காகப் பத்திரிகையில் ஒரு பக்கம் ஆங்கிலம் கேட்கிறார்கள். அச்சகத்தில் தந்த புரூஃபில் பிள்ளையார் படத்துக்குக் கீழே 'ஹோலி மேட்ரிமனி' என்று இருக்கிறது. "கல்யாணத்துக்கு கெத்தான வார்த்தை அதுதான்" என்கிறார் டிசைன் போட்ட தம்பி. விட்டுவிடலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: வேண்டாம், மாற்றச் சொல்லுங்கள். வார்த்தை நல்ல வார்த்தைதான், உட்கார்ந்திருக்கும் இடம்தான் சரியில்லை.

'வெட்டிங்' என்பது அன்றைக்கு நடப்பது: முகூர்த்தம், தாலி, பந்தி. 'மேரேஜ்' அந்த நாளுக்கும் பொருந்தும், அதற்குப் பிறகு சேர்ந்து வாழ்வதற்கும் பொருந்தும். 'மேட்ரிமனி' பெரும்பாலும் அந்த வாழ்க்கையைத்தான் சொல்லும்; நம் 'இல்லறம்' போல. "முகூர்த்தத்துக்கு வந்துடுங்க" என்று வெற்றிலை பாக்கு வைப்போம். "இல்லறத்துக்கு வந்துடுங்க" என்றால் எப்படி இருக்கும்?

முன்னால் 'ஹோலி' சேர்ந்துவிட்டால் அது சர்ச் கல்யாணம். கத்தோலிக்கர்கள் 'அருட்சாதனம்' என்று சொல்லும் ஏழு புனிதச் சடங்குகளில் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் இதுவே பெயர். பழைய தமிழ் ஜெபப் புத்தகங்களில் 'மெய்விவாகம்'. கத்தோலிக்கர்கள் நிறைந்த எலத்தகிரிப் பக்கத்துப் பத்திரிகை என்றால் கச்சிதமாகப் பொருந்தும். உங்கள் பத்திரிகையில் பிள்ளையாரே குழம்பிப்போவார்.

வேர் லத்தீன். 'மாட்டர்' என்றால் தாய். அதிலிருந்து வந்தது 'மாட்ரிமோனியம்', கல்யாணம். தகப்பனைக் குறிக்கும் 'பாட்டர்' என்ற சொல்லிலிருந்து அதே அச்சில் வந்த 'பாட்ரிமோனியம்' பரம்பரைச் சொத்து. அம்மாவுக்குக் கல்யாணம், அப்பாவுக்குச் சொத்து! ரோமாபுரியிலும் நம்ம ஊர்க் கதைதான்.

இந்தச் சொல் இயல்பாகப் புழங்கும் இடங்கள் வேறு. வரன் தேடும் விளம்பரம், கணவன் மனைவி வழக்கு இரண்டுக்குமே 'மேட்ரிமோனியல்' என்பார்கள். கல்யாணத்துக்கு இன்னொரு வார்த்தையான 'வெட்லாக்' பக்கமே போகாதீர்கள். அதில் பூட்டு எதுவும் இல்லை. 'வெட்' பழைய ஆங்கிலத்தில் வாக்குறுதி. ஆனால் இன்று அது அதிகம் காதில் விழுவது, கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை என்று சொல்லும்போதுதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாதகத்தோடு சுற்றுக்கு விடும் பயோடேட்டாவில் 'மேரிட்டல் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் 'டி'யும் 'ஐ'யும் இடம் மாறி 'மார்ஷியல்' ஆகியிருப்பதை நிறையப் பார்க்கிறேன். அது போர் சம்பந்தப்பட்டது. கல்யாணத்துக்கு முன்பே அது எதற்கு?

மேலே 'வெட்டிங் இன்விடேஷன்' என்று போடுங்கள், பெயர்களுக்கு முன் 'மேரேஜ் ஆஃப்' போதும். திருத்திய புரூஃபை ஓசூருக்கும் ஒரு தடவை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.