கிளாஸ் ஆர்மர் போட்ட வழிப்பறிக்காரன்: ஆப்லிவியன் பத்தி உங்க கேள்விகள்

பழைய கேம்கள்ல உங்களுக்குப் புரியாத, எரிச்சல் வந்த, பிடிச்சுப் போன விஷயத்தை எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன். வந்ததுல பாதிக்கு மேல வாளும் மந்திரமுமா ஒரு கற்பனை உலகத்துல சுத்துற 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்லிவியன்' கேம் பத்தித்தான், அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே குடுத்துட்டேன்.

அண்ணா, மாமாவோட பழைய டிவிடில ஆப்லிவியன் விளையாடுறேன். லெவல் 22 வந்தாச்சு. ஆரம்பத்துல ரெண்டு அடில விழுந்த வழிப்பறித் திருடன் இப்ப என்னைப் போட்டு அடிக்கிறான். நான் வளர்றேனா தேயுறேனா? (சேலம்)

தம்பி, தப்பு உங்க மேல இல்ல. 2006 மார்ச்ல இந்த கேம் வந்தப்ப உலகம் பூரா பிளேயர்கள் கொதிச்சது இதுக்குத்தான். நீங்க எந்த லெவல்ல இருக்கீங்களோ அதைப் பாத்துத்தான் எதிரிங்களும் அவங்க போட்டிருக்கிற சாமானும் வரும், அதாவது நீங்க ஏறினா உலகமே கூட ஏறும். லெவல் 1ல கிழிஞ்ச தோல் சட்டை போட்டிருந்த கொள்ளைக்காரன் லெவல் 20 தாண்டினதும் ஆயிரக்கணக்கான கோல்டு (கேம்ல ஓடுற காசு) விலை போகுற கிளாஸ் ஆர்மர்ங்கிற உசத்தியான கவசத்தை மாட்டிக்கிட்டு ரோட்டுல நின்னு உங்ககிட்ட வெறும் 100 கோல்டு கேப்பான், அதை வித்தாலே அவன் நிம்மதியா உக்காந்து சாப்பிடலாம். அந்த இடத்துல அந்த உலகத்து மேல இருந்த நம்பிக்கை உடைஞ்சு போகுது, எனக்கு இன்னிக்கும் மனசு ஆறாத குறை இதுதான்.

ஆனா நீங்க தேயுற மாதிரி இருக்குறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நீங்க ஆரம்பத்துல தேர்ந்தெடுத்த 7 மேஜர் ஸ்கில்ல (முக்கியத் திறமைகள்ல) மொத்தமா 10 பாயிண்ட் ஏறிச்சுன்னா, படுத்துத் தூங்கினதும் லெவல் ஏறிடும். அப்ப ஸ்ட்ரெங்த் (பலம்), எண்டூரன்ஸ் (தாங்குற சக்தி) மாதிரி மூணு குணத்தை ஏத்திக்கலாம், ஆனா எவ்ளோ ஏறும்ங்கிறது அந்த லெவல்ல நீங்க என்ன பண்ணீங்கங்கிறதைப் பொறுத்தது. எண்டூரன்ஸை எடுத்துக்கங்க, அதுக்குக் கீழ ஆர்மரர் (ஆயுதம், கவசம் ரிப்பேர்), பிளாக் (அடியைத் தடுக்குறது), ஹெவி ஆர்மர் (கனமான கவசம்)னு மூணு ஸ்கில் இருக்கு, அந்த மூணுலயும் சேர்த்து 10 ஏறியிருந்தா +5 கிடைக்கும், ஒண்ணுமே ஏறலன்னா வெறும் +1தான். நீங்க குதிச்சுக் குதிச்சு ஓடி, கடைக்காரன்கிட்ட பேரம் பேசி, அக்ரோபேட்டிக்ஸ், மெர்க்கன்டைல்னு ஏத்தி லெவல் ஏறியிருப்பீங்க, எதிரிக்கு நீங்க குதிச்சு ஏறினீங்களா வெட்டி ஏறினீங்களான்னு தெரியாது, அவன் பாட்டுக்கு வளர்ந்துட்டான். ஹெல்த்தும் இப்படித்தான், ஒவ்வொரு லெவலுக்கும் அப்ப இருக்குற எண்டூரன்ஸ்ல பத்துல ஒரு பங்கு சேரும், எண்டூரன்ஸை லேட்டா ஏத்தினா முன்னாடி விட்டது விட்டதுதான்.

இது தெரிஞ்சதும் ஆளுங்க என்ன பண்ணாங்கன்னா, பக்கத்துல நோட்டு பேனா வெச்சுக்கிட்டு எந்த ஸ்கில் எத்தன ஏறிச்சுன்னு கணக்கு எழுதி விளையாடினாங்க. சில பேரு தனக்கு தேவையே படாத ஸ்கில்லா பாத்து மேஜரா வெச்சுக்கிட்டாங்க, அப்பத்தான் தான் நினைக்கிறப்ப மட்டும் லெவல் ஏறும். தூங்காமலே சுத்துனவங்களும் உண்டு. இந்த கேமோட மத்த குறையை எல்லாம் நான் வினோதம்னு ரசிப்பேன், ஆனா ஜாலியா விளையாடுறவனுக்கு தண்டனை குடுத்து கணக்குப் போடுறவனுக்கு பரிசு குடுக்குறது கேம் டிசைன்ல நடந்த தப்பு, அதை தப்புன்னுதான் சொல்லணும்.

உங்களுக்கு இப்ப ரெண்டு வழி இருக்கு. ஆப்ஷன்ஸ்ல டிஃபிகல்ட்டி ஸ்லைடரை கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க, அதுல கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது, கொஞ்சம் தள்ளினாலே நல்லா வித்தியாசம் தெரியும். இல்ல புதுசா ஆரம்பிக்கிறதா இருந்தா ஆஸ்குரோ ஓவர்ஹால்னு ஒரு மாட் (ரசிகர்கள் கேமை மாத்தி எழுதின இணைப்பு) போட்டுக்கங்க, அதுல கஷ்டமான குகை முதல் நாள்லயே கஷ்டமாத்தான் இருக்கும், திருடன் திருடனாவே இருப்பான். இன்னொண்ணு, க்வாட்ச் ஊர் சண்டையை மட்டும் சின்ன லெவல்லயே முடிச்சிடுங்க. அப்ப ஸ்கேம்ப்னு சின்னப் பேய்தான் வரும், தள்ளிப் போட்டா டேட்ராத்னு பெரிய பேய்க் கூட்டமே வந்து நிக்கும்.

ரீமாஸ்டர்ல இதை சரி பண்ணிட்டாங்களா சார்? (கோவை)

பாதி. 2025 ஏப்ரல் 22ல விர்ச்சுவோஸ் ஸ்டூடியோ பண்ணிக் குடுத்த ரீமாஸ்டர்ல, அதாவது பழைய கேமை மெருகேத்தி விட்ட புதுப் பதிப்புல, அந்த +5 கணக்கை தூக்கிட்டு ஒவ்வொரு லெவலுக்கும் 12 பாயிண்ட் குடுத்துட்டாங்க, நோட்டுப் புத்தகம் தேவையில்ல. ஆனா எதிரிங்க கூடவே வளர்றது அப்படியே இருக்கு.

கேரக்டர்ங்ககிட்ட பேசுறப்ப வர்ற அந்த வட்டம் எனக்கு சுத்தமா புரியல, எதை அமுக்கினாலும் கோவிச்சுக்குறாங்க. அப்புறம் ஒரு பிச்சைக்காரர் கரகரன்னு காசு கேட்டுட்டு அடுத்த வரியில வேற ஆளு குரல்ல பேசுறாரு, என் தங்கச்சி விழுந்து விழுந்து சிரிக்கிறா. (திருநெல்வேலி)

வட்டம் சுலபம்மா. பாராட்டு, பெருமையடி, ஜோக், மிரட்டுன்னு நாலு இருக்கு, ஒவ்வொண்ணு மேலயும் பெருசு சின்னதா ஒரு துண்டு இருக்கும், எதிர்ல இருக்குறவங்களுக்கு அதுல ரெண்டு பிடிக்கும், ரெண்டு பிடிக்காது. அமுக்காம கர்சரை மேல மட்டும் கொண்டு போங்க, அவங்க முகமே சொல்லிடும். நாலையும் ஒரு தடவை அமுக்கியே ஆகணும், அதனால பெரிய துண்டு பிடிச்சது மேல இருக்குறப்ப அதையும், சின்னத் துண்டு வர்றப்ப பிடிக்காததையும் அமுக்குங்க, ஒவ்வொரு தடவையும் துண்டுங்க சுத்தி நகரும், அதை மட்டும் கவனிங்க.

குரல் விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பேசுற வசனம் எல்லாத்துக்கும் குரல் குடுக்கணும்னு முடிவு பண்ணாங்க, ஆயிரத்துக்கும் மேல கேரக்டர், ஆனா குரல் குடுத்தது ஒரு கையளவு ஆளுங்க. பிச்சை கேக்குற வசனத்துக்குத் தனி குரல், ஊர் வம்பு சொல்றதுக்கு கேம்ல அவரு எந்த இனமோ அந்த இனத்துக்குப் பொதுவா பதிவு பண்ண குரல், ரெண்டும் ஒரே வாய்ல வருது. இதைவிட ஒண்ணு சொல்றேன், இம்பீரியல் சிட்டி கோயில்ல டான்டில்வேன்னு ஒரு அம்மா இருக்காங்க, அவங்க வசனத்துல குரல் குடுத்தவங்க நடுவுல நிறுத்தி இதை இன்னொரு தடவை சொல்றேன்னு சொன்னது அப்படியே கேம்ல வந்துடுச்சு. அவங்க அந்த ஊர்ல பேச்சுக் கலை கத்துக் குடுக்குற மாஸ்டர்! ரீமாஸ்டர்லயும் அதை வெட்டாம விட்டிருக்காங்க, வெட்டியிருந்தா பழைய பிளேயர்கள் ரொம்ப வருத்தப்பட்டிருப்பாங்க.

அந்த ஜனங்க எல்லாருக்கும் ரேடியன்ட் ஏஐன்னு ஒண்ணு வெச்சு காலைல எந்திரிக்கிறது, சாப்பிடுறது, கடைக்குப் போறது, கோயிலுக்குப் போறதுன்னு நாள் பூரா வேலை குடுத்திருந்தாங்க. ரோட்டுல ரெண்டு பேரு சந்திச்சா பேச்சும் அதுவே கோத்துக்கும், அதனாலதான் ஒருத்தர் நண்டைப் பாத்தேன்னு ஆரம்பிக்க இன்னொருத்தர் சம்பந்தமே இல்லாம பதில் சொல்லிட்டு நல்லா இருங்கன்னு கிளம்பிடுவாரு. அன்னிக்கு இதை குறைன்னாங்க, இன்னிக்கு இதுக்காகவே திரும்ப விளையாடுறாங்க, எனக்கு ரெண்டுமே நியாயமாத்தான் படுது, ஏன்னா இவ்ளோ பெரிய ஊர் ஜனத்தை தானா வாழ வைக்கணும்னு ஆசைப்பட்டதால வந்த தடுமாற்றம் இது.

பெயிண்ட் பிரஷ் மேல ஏறி நடக்கலாமாமே, உண்மையா? (மதுரை)

உண்மை. ஒரிஜினல்ல பெயிண்ட் பிரஷ்ஷை அந்தரத்துல விட்டா கீழ விழாது, அங்கேயே நிக்கும், மேல ஏறவும் செய்யலாம். அதையே படியா வெச்சு மதில் சுவரைத் தாண்டினவங்க இருக்காங்க. ஸ்க்ரோல் (மந்திரச் சுருள்) கத்தையை வெச்சு பொருளை நகல் எடுக்குற பக் (கேம்ல இருக்குற கோளாறு) ஒண்ணும் இருக்கு, மலை உச்சில நின்னு நூத்துக்கணக்குல தர்பூசணியை உருட்டி விடுறதுதான் அதுல எல்லாரும் முதல்ல பண்ணது. தனியா விளையாடுற கேம், யாருக்கும் நஷ்டமில்ல, பண்ணிப் பாருங்க.

குதிரைக்கு கவசம் வித்ததுக்கு ஏன் இவ்ளோ கோவம்? (புதுச்சேரி)

கேம்ல நீங்க ஓட்டுற குதிரைக்கு மாட்டுற கவசத்தை 2006 ஏப்ரல்ல எக்ஸ்பாக்ஸ்ல 2.50 டாலருக்கு வித்தாங்க. இன்னிக்கு அந்தக் காசு சாதாரணம், ஆனா முழுக் காசு குடுத்து வாங்கின கேம்ல ஒரு அலங்காரத்துக்குத் தனியா காசா அப்படின்னு அன்னிக்கு கேட்டவங்க கேட்டது சரியான கேள்வி. அதுக்கு அப்புறம் என்னென்ன வித்தாங்கன்னு நீங்களே பாக்குறீங்க.

200 மணி நேரத்துக்கு மேல விளையாடிட்டேன், இப்ப கதவு திறக்குறது, மந்திரம் போடுறது எல்லாம் திக்கித் திக்கி நகருது. கம்ப்யூட்டர் போச்சா? (ஈரோடு)

கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு, சேவ் ஃபைல்ல ஓடுற ஒரு எண்ணு ரொம்பப் பெருசானதால வர்ற பக் இது, பழைய பிளேயர்கள் ஏ-பாம்ப்னு சொல்வாங்க. ரை பேஷ்னு ஒரு டூல் இருக்கு, அதுல உங்க சேவ் ஃபைலை ரைட் கிளிக் பண்ணா ரிப்பேர் ஏ-பாம்ப்னு வரும், அமுக்குங்க. முன்னாடி சேவ் ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கங்க, 200 மணி நேரம் சும்மா இல்ல.